பெட்டியைத் திற தம்பி, பாப்பம்

இருபத்திமூண்டு கிலோவிலை ரெண்டு பெட்டி. முதுகிலை ஒரு பை. நெஞ்சிலை இன்னொண்டு. இடுப்பிலை காசுப்பை. தம்பி, நீ ரெண்டு கிழமை ஊழியத்துக்கு வாறியா, இல்லாட்டிக் குடியேற வாறியா?

முகத்தைத் தொங்கப் போடாதை. நான் உன்னைப் பகிடி பண்ணேல்லை. சரி, எப்பன் பண்ணுறன். ரொறன்ரோவிலை பிறந்த பிள்ளை, சபைக்காரரோடை சேந்து கொம்மா கொப்பற்றை ஊருக்கு வெளிக்கிடுறாய். நல்ல மனசுதான், ஆர் இல்லை எண்டது? ஆனா உந்த நாலு பக்கப் பட்டியலை எழுதின மனுசன் ஆர்? திருகோணமலையைக் கண்ணாலை கண்டவரோ? தலையிலை கட்டுற லைற்றாம். தண்ணி வடிக்கிற குழாயாம். பாம்புக்கடிப் பெட்டியாம். ராசா, உன்னைக் காட்டுக்குள்ளையோ இறக்கப் போறாங்கள்? நீ இறங்கப் போறது ரவுணிலை. பாமசி கிடக்கு. பாங்கு கிடக்கு. இரவு பத்து மணிக்கும் கொத்து ரொட்டித் தகடு தட்டுற சத்தம் கேக்கும். இதுக்கு ஏன் தலையிலை லைற்?

நான் மூதூர் லாஞ்சியிலை சாமான் ஏத்தி இறக்கின மனுசன். கிண்ணியாப் பாலம் 2009 இலை திறந்தது. அதுக்கு முந்தி கொட்டியாரக் குடாவைத் தாண்டிப் போறவைக்குக் கடல்தான் ரோட்டு. வாத்திமார், கச்சேரி ஆக்கள், பாதிரிமார், வெள்ளைக்காரத் தொண்டர்கள், கலியாணப் பெண்டுகள், எல்லாற்றை பெட்டியும் இந்தத் தோளாலை போனது. ஒருத்தன்ரை பெட்டியைத் தூக்கினாலே அவன் எத்தினை நாள் நிப்பான் எண்டு சொல்லுவன். பாரம் கூடினவன் கெதியாப் போயிடுவான். இது பள்ளிக்கூடத்திலை படிச்சதில்லை, முதுகு படிச்சது.

மதம் சொல்ல வந்த ஆக்களை இந்தத் துறைமுகம் புதுசாக் காணேல்லை. பறங்கியர் வந்தாங்கள். அவங்கள் கொண்டு வந்த சாமான் பீரங்கி. கோணேசர் கோவிலை இடிச்சு, அந்தக் கல்லிலையே 1624 இலை கோட்டை கட்டினாங்கள். கல்லுக்கூட வீட்டிலையிருந்து கொண்டரேல்லை பாத்தியா? அதிலை மட்டும் அவங்கள் சிக்கனக்காரர். இப்ப அந்தக் கோட்டைக்குள்ளாலைதான் நாங்கள் கோணேசரைக் கும்பிடப் போறம். வாசலடியிலை புள்ளிமான் நிண்டு உன்ரை பையை மணக்கும். பாவம் எண்டு பிஸ்கற்றைப் பிளாஸ்ரிக் பையோடை எறிஞ்சிடாதை. மானுக்கு இரக்கம் காட்டுறன் எண்டு மானைச் சாகடிக்கிற ஊழியம் எங்களுக்கு வேண்டாம்.

சாமான் இல்லாமல் வந்தவன்ரை கதை ஒண்டு சொல்லுறன், கேள். புயலிலை பாய்மரம் போன ஒரு இங்கிலீசுக் கப்பல், ‘ஆன்’ எண்டு பேர், திருத்திக்கொண்டு போவம் எண்டு கொட்டியாரத்துக்கு வந்தது. 1660 ஆம் ஆண்டு. கப்பல்காரனையும் அவன்ரை மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி ராசா ராசசிங்கன்ரை ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். தகப்பன் அடுத்த வருஷமே காய்ச்சலிலை செத்தான். மகன் குழி வெட்டித் தாட்டான். பிறகு பத்தொன்பது வருஷத்துக்கு மேலை அந்தப் பொடியன் மலைநாட்டுக்குள்ளை. அவனிட்டை என்ன பட்டியல் இருந்தது? மிஞ்சினது ரெண்டு பக்திப் புத்தகம். மற்றதெல்லாம் இஞ்சை பழகினது. தொப்பி பின்னி வித்தான். நெல்லுக் கடன் குடுத்து வட்டி வாங்கினான். வெறுங்காலோடை நடந்தான். ஒருநாள் மீன் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, ஒரு கிழவன் இங்கிலீசு வேதாகமம் ஒண்டோடை வந்தான். பறங்கியர் கொழும்பை விட்டு ஓடேக்கை கிடைச்சதாம். நொக்ஸ் ஒரு பின்னல் தொப்பியைக் குடுத்துப் புத்தகத்தை வாங்கிப் போட்டான். தப்பி ஊருக்குப் போய் 1681 இலை இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகமே அடிச்சான். அவன் பிடிபட்ட புளியடி எண்டு சொல்லி மூதூரிலை 1893 இலை கல்லு நட்டு வைச்சிருக்கு. நேரம் கிடைச்சாப் போய்ப் பார்.

விளங்குதோ? அந்தக் காலத்திலை, அதுவும் மலைநாட்டுக்குள்ளை, ஒரு தொப்பி விலைக்கு வேதாகமம் கிடைச்சுது. நீ இப்ப ஒரு பெட்டி முழுக்க வேதாகமம் அடுக்கிக் கொண்டு வாறாய். அதுவும் இங்கிலீசிலை! இலங்கை வேதாகமச் சங்கம் தொடங்கினது 1812 இலை. தமிழ் வேதாகமம் கொழும்பிலை கட்டுக்கட்டாக் கிடக்கு. காசைக் குடுத்தா இஞ்சையே வாங்கலாம். அந்த இடத்துக்கு ரெண்டு சாரம் வை.

சாரம் கட்டத் தெரியுமோ? சிரிக்காதை. கிணத்தடியிலை களிசானோடை நிண்டு குளிக்கப் போறியோ? முதல் ரெண்டு நாள் மேலாலை ஒரு பெல்ற்றைப் போடு, ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம். மூண்டாம் நாள் முடிச்சு தன்ரை பாட்டிலை நிக்கும். உந்த மொத்தத் துணிக் களிசானுகள் அஞ்சு வைச்சிருக்கிறாய். ஒண்டைத் தோய்ச்சா ரெண்டு நாள் கொடியிலை தொங்கும். வாடைக் காலத்திலை எண்டா ஒரு கிழமை தொங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய பருத்திச் சேட்டு நாலு போதும். தங்கச்சிமார் வந்தா முழங்கால் மூடின பாவாடை, தோள் மூடின சட்டை. அதிலை பெரிய வேதாந்தம் ஒண்டும் இல்லை. வெயிலுக்கும் நல்லது, கிழவிமாரின்ரை வாய்க்கும் நல்லது.

எப்ப வாறாய்? ஆடி ஆவணியிலை எண்டா கச்சான் காத்து. மேக்கையிருந்து அனலா அடிக்கும், வாயெல்லாம் புழுதி. கடல் மட்டும் குளம் போலக் கிடக்கும். அதுதான் வெள்ளைக்காரர் உப்புவெளியிலையும் நிலாவெளியிலையும் வந்து வதங்குற காலம். கார்த்திகை மார்கழியிலை வந்தா வாடை. மழை எண்டா மழை. 1964 மார்கழியிலை அடிச்ச புயலைக் கண்ட ஆக்கள் இண்டைக்கும் அந்த மாதம் பிறந்தா ஓட்டை நிமிந்து பாப்பினம். அதுக்கெண்டு மலையேறுறவன் போடுற அந்த விலைகூடின மழைக்கோட்டைக் கொண்டு வராதை. அதுக்குள்ளை நீ இடியப்பம் அவியிற மாதிரி அவிஞ்சு போவாய். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலை குடை விக்குது. போகேக்கை அதை ஒரு கிழவிக்குக் குடுத்திட்டுப் போ. அதுவும் ஊழியந்தான்.

சப்பாத்து? கயிறு கட்டி முழங்கால் வரைக்கும் ஏறுற சப்பாத்தை எடுத்து வைச்சிருக்கிறாய். வீட்டு வாசலிலை கழட்ட வேணும், கோவில் வாசலிலை கழட்ட வேணும், பள்ளிவாசலிலையும் கழட்ட வேணும். ஒரு நாளைக்குப் பத்து வாசல் ஏறி இறங்குவாய். நீ கயிறு அவிட்டு முடிக்கிறதுக்குள்ளை தேத்தண்ணி ஆறிப்போம். ஒரு செருப்பு போதும். துலைஞ்சாலும் கவலையில்லை, கோவிலடியிலை கட்டாயம் ஒருக்கா துலையும்.

இனி மருந்துப் பை. மலேரியாக் குளிசை! மகன், நொக்ஸ்ன்ரை தகப்பன் காய்ச்சலிலை செத்தது 1661 இலை. உன்ரை பட்டியல்காரருக்கு அதுக்குப் பிறகு கடுதாசி போகேல்லையோ? இலங்கையிலை மலேரியா ஒழிஞ்சிட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016 புரட்டாதியிலையே சொல்லிப் போட்டுது. இப்ப இஞ்சை பயம் டெங்கு. அதுக்குக் குளிசையும் இல்லை. அந்த நுளம்பு பகலிலை கடிக்கும், விடியவும் பின்னேரமும் கூடக் கடிக்கும். நீ ராவிலை வலைக்குள்ளை பத்திரமாப் படுத்திட்டுக் காலமை அரைக் களிசானோடை முத்தத்திலை குந்தியிருந்து சங்கீதம் வாசிப்பாய். நுளம்பும் பக்கத்திலை இருந்து கேக்கும். முழுக்கை சேட்டைப் போடு, பூசுற எண்ணெயைப் பகலிலை பூசு. காய்ச்சல் வந்தா வெறும் பனடோல் மட்டும், வேறை நோக்குளிசை ஒண்டும் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்கு வழக்கமாப் போடுற மருந்து இருந்தா அதை டொக்டர் எழுதின துண்டோடை கைப்பையிலை வை. கண்ணாடி போடுற ஆளெண்டா இன்னொரு சோடி. இதுகள்தான் இஞ்சை உடனை கிடைக்காது. உன்ரை பட்டியலிலை இதுகள் ரெண்டும் இல்லை, நான் தேடிப் பாத்திட்டன்.

சொக்கிளேற் வைச்சிருக்கிறியோ பிள்ளையளுக்கு? கட்டுநாயக்காவிலை கட்டியா இறங்கும். ஹபரணையிலை களியாகும். கந்தளாயிலை குடிக்கலாம். அதை விட்டிட்டு, கந்தளாயிலை நிண்டு ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு வா. போற வீட்டிலை உனக்கு மரியாதை கூடும்.

அதென்ன, பறக்கிற கமரா? ஐயோ ராசா! இது கடற்படைத் துறைமுகம். ஒரு பக்கம் டொக்யாட், மற்றப் பக்கம் சீனக்குடாவிலை விமானப்படை. அனுமதி இல்லாமல் நீ அதை மேலை விட்டா, அது இறங்க முந்தி உன்னைத் தேடி ஜீப் வரும். கையிலை கழுத்திலை புத்தர் படம் பச்சை குத்தின கூட்டாளி ஆரும் உன்னோடை வாறானோ? மூடிக்கொண்டு வரச் சொல்லு. 2014 இலை ஒரு பிரித்தானியத் தாதியைக் கையிலை புத்தர் குத்தியிருந்ததுக்குக் கட்டுநாயக்காவிலையே பிடிச்சுத் திருப்பி அனுப்பினவங்கள். பிறகு 2017 இலை உயர் நீதிமன்றம் அவவுக்கு நட்டஈடு குடுக்கச் சொன்னது. நீதி வந்தது சரி, மூண்டு வருஷம் பிந்தி. உனக்கு லீவு ரெண்டு கிழமை.

விசாவையும் கேட்டு வை. உல்லாசப் பயண விசாவிலை வந்து கூட்டம் வைச்சுப் பிரசங்கம் பண்ணேலாது. உங்களைக் கூப்பிடுற சபையைக் கொண்டு முறையா எடுப்பியுங்கோ. கர்த்தருக்கு வேலை செய்ய வாற பிள்ளை விண்ணப்பத்திலை பொய் எழுதிக்கொண்டோ வாறது?

சரி, வந்திட்டாய். நாள் எப்பிடிப் போகும்? விடிய முன்னம் பள்ளிவாசலிலை பாங்கு. பிறகு கோவில் மணி. சேர்ச் மணி. எங்கையோ விகாரை ஸ்பீக்கரிலை பிரித். காதிலை பஞ்சு கொண்டு வந்திருக்கிறாய் எண்டு பட்டியல் சொல்லுது. வைக்காதை. நாலு சத்தமும் பழகினாத்தான் இந்த ஊர் விளங்கும். ஆறு மணிக்கு வெறுந்தேத்தண்ணி. சீனி கேக்காமலே போடுவினம். காலமை பிட்டோ இடியப்பமோ, சொதி, சம்பல், ஒரு மீன் குழம்பு. கரண்டி தேடாதை, கையைக் கழுவு. உறைக்குது எண்டா சொல்லு, தண்ணி குடிச்சுக் கண்ணைத் துடைச்சு வீரம் காட்டாதை. பத்து மணிக்கு மேலை வெயில். மத்தியானம் சோறு திண்டிட்டு ஊரே சாயும். உங்கடை நிகழ்ச்சி நிரலிலை ரெண்டு மணிக்கு ‘வீடு வீடாச் சந்திப்பு’ எண்டு போட்டிருக்கு. நித்திரையிலை இருக்கிறவனை எழுப்பி அவன்ரை ஆத்துமா எப்பிடி எண்டு கேட்டா அவன் என்ன மறுமொழி சொல்லுவான்? நாலரைக்குப் போ. முகம் கழுவி, திண்ணையிலை குந்தியிருப்பினம்.

போற வீடெல்லாம் கேள்வி கேப்பினம். நீ ஆற்றை பிள்ளை? எந்தப் பக்கம்? கலியாணம் முடிச்சிட்டியோ? எவ்வளவு சம்பளம்? கோவிக்காதை. உன்ரை அந்தரங்கத்தை இஞ்சை ஒருத்தரும் களவெடுக்கப் போறேல்லை, உன்னை எந்தக் கொப்பிலை வைக்கிறது எண்டு பாக்கினம், அவ்வளவுதான். கொம்மா கொப்பற்றை பழைய படம் ஒண்டு கொண்டு வா. நாலு பக்கப் பட்டியலிலை இல்லாத முதல் சாமான் அதுதான். படத்தை நீட்டினா, ‘அட, இவன் மகேசன்ரை பெடியன்!’ எண்டு கதவு திறக்கும். உன்ரை தமிழ் உடைஞ்ச தமிழ்தான். உடைஞ்சாலும் கதை. சிரிப்பினம். சிரிச்சபிறகுதான் மனுசர் நெருங்குவினம்.

ஒரு நாள் உங்கடை நிகழ்ச்சி எல்லாம் குழம்பும். ஊரிலை ஒரு செத்த வீடு விழும். கூட்டத்துக்கு ஒருத்தரும் வர மாட்டினம். உங்கடை தலைவர் கையைப் பிசைவார். நீ பிசையாதை. வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்குப் போ. பிளாஸ்ரிக் கதிரையிலை பேசாமல் இரு. தேத்தண்ணித் தட்டை வாங்கிக் குடு. பந்தல் கழட்டேக்கை ஒரு கை பிடி. நீ பண்ணின பிரசங்கத்தை அடுத்த வருஷம் ஒருத்தரும் நினைக்க மாட்டினம். ‘அந்தக் கனடாப் பொடியன் அண்டைக்குக் கதிரை அடுக்கினவன்’ எண்டு பத்து வருஷம் கதைப்பினம்.

அட, சுவர் பூசுறதை மறந்திட்டனே! தூரிகை ஆறு, ஒரே நிறத்திலை ரீசேட்டு இருவது. எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடச் சுவர் ஒண்டு கிடக்கு. வாற கூட்டமெல்லாம் அதையே பூசும். ஒருக்கா நீலம், ஒருக்கா மஞ்சள், ஒருக்கா வானவில்லும் புறாவும். பூசிப் பூசிச் சுவர் தடிச்சுப் போச்சு. உள்ளுக்கை கணக்குப் படிப்பிக்க வாத்தி இல்லை. பூசுற தொழில் தெரிஞ்ச பெயின்ரர் ஒழுங்கையிலை சும்மா குந்தியிருந்து, வெளிநாட்டுப் பிள்ளையள் தன்ரை வேலையைக் கெடுக்கிறதை வேடிக்கை பாக்கிறான். அவனுக்கு நாள் கூலி குடுத்தா ஒரு நாளிலை முடிப்பான், நிலத்திலை சொட்டாமல் முடிப்பான். ஆனா அவன் பூசினா உனக்குப் படம் இல்லையே, என்ன?

இதைக் கேளன். 2004 மார்கழி 26 இலை கடல் வந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. உலகமே அழுதது, மெய்தான். சாமானும் அனுப்பினது. இலங்கைக்கு வந்த பொதியளுக்குள்ளை என்ன இருந்தது? குளிர்க் கோட்டு. கம்பளிச் சட்டை. குதி உசந்த சப்பாத்து. வீடு போன சனத்துக்கு, வேர்த்து ஒழுகுற நாட்டிலை! அனுப்பினவைக்கு மனசு கெட்டதில்லை. அவையள் கேக்கேல்லை. என்ன வேணும் எண்டு ஒரு வாய் கேட்டிருந்தா வலை எண்டு சொல்லியிருப்பம், வாளி எண்டு சொல்லியிருப்பம், சோறாக்கிற பானை எண்டு சொல்லியிருப்பம். கேட்டுப்போட்டு வந்தவையும் இருந்தினம், பொய் சொல்லப்படாது. அவையளின்ரை பை சின்னது.

பை சின்னதா வந்து நிண்டவை எண்டா, எனக்கு இந்த ஊர் யேசுசபைக் குருமாரைத்தான் நினைவு. முதலிலை பிரெஞ்சுக்காரர். பிறகு நாப்பதுகளிலை அமெரிக்காவின்ரை நியூ ஒர்லியன்ஸ் பக்கத்திலையிருந்து வந்தவை. கிளெனி ஆண்டகை 1947 இலையிருந்து 1974 வரைக்கும் ஆயரா இருந்தார். யூஜின் ஹெபியர் பாதர் 1948 இலை வந்தார். சூசையப்பர் கல்லூரிப் பொடியளுக்குக் கூடைப்பந்து பழக்கினார், பிறகு மட்டக்களப்பிலை மைக்கேல் கல்லூரியிலை. ஒரு பந்து, ஒரு விசில். நாலு பக்கப் பட்டியல் இல்லை. சண்டைக் காலத்திலையும் போகேல்லை. 1990 ஆவணி 15, வாழைச்சேனையிலையிருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர். அவரும் கூடப்போன பொடியனும் வந்து சேரவே இல்லை. இண்டைக்கும் இல்லை.

அவருக்கு முந்தின கதையும் உண்டு. 1813 முடியிற நேரம் மெதடிஸ்த மிஷன்காரர் கப்பலேறினாங்கள். கூட்டி வந்த தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலிலையே காலமானார். தலையில்லாத இளம் பொடியளாத்தான் காலியிலை இறங்கினாங்கள். அதிலை ஒருத்தர், வில்லியம் ஓல்ட், மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருஷம் திரும்ப முந்திச் செத்தே போனார். அதுக்குள்ளை அவர் தொடங்கின பள்ளிக்கூட வேலை இண்டைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி எண்டு நிக்குது. நீயும் அப்பிடிச் சா எண்டு சொல்லேல்லை, கொம்மா என்னைக் கொண்டு போடுவா. ரெண்டு கிழமைக்கு வாற நீ ரெண்டு கிழமைக்குரிய அளவிலை கதை எண்டுதான் சொல்லுறன். ‘திருகோணமலையை மாத்தப் போறம்’ எண்டு ரீசேட்டிலை அடிச்சுக்கொண்டு வராதை. பறங்கி, ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லாரும் மாத்திப் பாத்த இடம் இது. குடா இருந்த இடத்திலைதான் கிடக்கு.

இப்ப பெட்டியை மூடு. சாரம் ரெண்டு, சேட்டு நாலு, செருப்பு, துவாய், மருந்து, கண்ணாடி, கொம்மா கொப்பற்றை படம், பேர் எழுதி வைக்க ஒரு கொப்பி. பிளக்குக்கு ஒரு மாத்தி. இஞ்சை ஒரு வீட்டிலை உருண்டைத் துளை, அடுத்த வீட்டிலை சதுரத் துளை, ஒண்டோடை ஒண்டு பொருந்தாது. பாரம் எவ்வளவு? எட்டுக் கிலோ வருமோ? பாத்தியா, நெஞ்சுப் பையும் வேண்டாம், தலை லைற்றும் வேண்டாம்.

ரெண்டு பெட்டியையும் கொண்டுதான் வாவன், நான் வேண்டாம் எண்டே சொன்னன்? மற்றது வெறுமையா வரட்டும். ஸ்காபரோவிலை என்ரை மூத்தவள் இருக்கிறாள். அவளுக்குச் சூடைக் கருவாடு அஞ்சு கிலோ, கொஞ்சம் அறக்குளாத் துண்டு, வீட்டிலை வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ, ஒடியல் மா ஒரு பை, பேரனுக்கு ஒரு சாரம், மருமகனுக்கு ஒண்டும் வேண்டாம். மணம் வெளியாலை வராது, நான் கடுதாசியிலை சுத்தி, பிளாஸ்ரிக்கிலை சுத்தி, அதுக்கு மேலை உன்ரை ரீசேட்டு இருவதாலையும் சுத்தித் தருவன். விமானத்திலை ஆரும் கேட்டா ஊழியத்திலை கிடைச்ச காணிக்கை எண்டு சொல்லு.